விசிலின் ஓட்டு

தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் விசில் கேட்ட ஒரே கேள்வி, "அப்புறம் விசிலடிக்க வருமா டாக்டர்?" என்பதுதான். டாக்டர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். கூட நின்ற தங்கச்சிக்கு மட்டும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். நூல் மில்லில் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து இவள் அடிக்கும் விசில் கூடத்தின் மறுகோடிக்குப் போகும். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் விசில்தான்.

கட்டியை எடுத்தார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். பேச்சு போயிற்று, விசில் போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு வருடத்தில் நோய் முதுகெலும்புக்கு இறங்கி, இடுப்புக்குக் கீழே கால்கள் சும்மா கிடந்தன. மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி. கட்டில், கட்டிலுக்கு மேல் ஜன்னல், கைக்கு எட்டுகிற ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளர், எழுதிக் காட்ட ஒரு நோட்டு. அவள் உலகம் அவ்வளவுதான். ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு மாதம் என்று டாக்டர் தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தங்கச்சி மறைத்துப் பார்த்தாள். அவள் மூஞ்சியில் எதுதான் மறையும்?

இந்த நிலைமையில்தான் தேர்தல் வந்தது. வார்டுக்கு நிற்பவர் யார் என்று சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்து தங்கச்சி சொன்னபோது, விசில் எழுந்து உட்காரவே பார்த்தாள். நின்றது மில்லில் அவர்களை வேலை வாங்கிய பழைய மேஸ்திரி.

மேஸ்திரியைப் பற்றிச் சொன்னால் வயிறு எரியும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அக்காவும் தங்கச்சியும் சின்ன வயதிலேயே மில்லில் சேர்ந்து, மில் விடுதியிலேயே படுத்து எழுந்தவர்கள். காற்று பட்டால் நூல் அறுகிறது என்று ஜன்னல்களை ஆணியடித்து மூட வைத்தது மேஸ்திரி. பஞ்சுத் தூசியைத் தின்று தின்று பெண்கள் இருமியபோது, "இருமிக்கிட்டே வேலை பாரு, சம்பளம் இருமாதா என்ன?" என்று பல்லை இளித்தது மேஸ்திரி. விடுதிப் பெண்களின் வாக்காளர் அட்டைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிப் பூட்டி வைத்ததும் அவரே. தேர்தல் அன்று காலையில் அட்டையைக் கொடுப்பார், வேனில் ஏற்றுவார், எந்தச் சின்னம் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்வார், சாயங்காலம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். விசில் தன் வாழ்நாளில் நான்கு முறை ஓட்டுப் போட்டிருக்கிறாள். நான்கும் மேஸ்திரி போட்ட ஓட்டு. பொத்தானை அழுத்தியது மட்டும் இவள் விரல்.

இந்தத் தூசிதான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. விசிலுக்கு யாரும் எழுதித் தர வேண்டியதும் இல்லை. அவள் நோட்டை எடுத்து எழுதினாள்: "எனக்கு ஓட்டு வேணும். சாகறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டு, என் இஷ்டத்துக்கு."

"எனக்கும்தான் வேணும். ரெண்டு பேருமே போட்டுத் தள்ளுவோம்க்கா," என்றாள் தங்கச்சி.

சொல்வது சுலபம். விடுதியை விட்டு வந்து மூன்று வருடமாகியும் பெயர்கள் பழைய விலாசத்திலேயே கிடந்தன. மாற்ற வேண்டுமென்றால் இந்த வீட்டில் இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். வாடகை ஒப்பந்தம் கேட்டதற்கு வீட்டுக்காரர், "அதெல்லாம் எழுதிக் கொடுத்துட்டு நாளைக்கு வரி கட்டறது யாரு? உங்க அப்பாவா?" என்று எரிந்து விழுந்தார். தங்கச்சி ஷிஃப்டு முடிந்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் கேஸ் பில்லைக் காட்டி இரண்டு பெயரையும் இங்கே ஏற்றினாள். புதுப் பட்டியலில் அக்கா பெயருக்குக் கீழேயே தன் பெயரும் இருந்ததைப் பார்த்து, ஏதோ பரீட்சை தேறிய மாதிரி வந்து சொன்னாள்.

அங்கேதான் ஒரு குமாஸ்தா வீட்டு ஓட்டைப் பற்றிச் சொன்னார். எழுந்திருக்க முடியாதவர்கள் டாக்டர் சான்றிதழோடு மனு கொடுத்தால், தேர்தலுக்கு முன்பே ஆட்கள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிக்கொள்வார்கள். மனு கொடுத்தவர் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அது இருந்தது. விசில் அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். தொலைபேசி எண் என்ற இடத்தில் தங்கச்சி தன் எண்ணை எழுதினாள். அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான்.

வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. தங்கச்சி அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். விசிலுக்கோ ஆயிரம் கவலை. "அவங்க முன்னாடியே போடணுமா? பாப்பாங்களா?" என்று எழுதினாள். இருபத்து நான்கு வருடமாகத் தோளுக்குப் பின்னால் ஒருத்தன் நின்றே பழகியவளுக்கு வேறு என்ன தோன்றும்? தங்கச்சி பழைய போர்வையை எடுத்து ஜன்னல் கம்பிக்கும் சுவர் ஆணிக்கும் நடுவே கட்டிக் காண்பித்தாள். கட்டிலைச் சுற்றி ஒரு மறைப்பு ஆயிற்று. விசில் மறைப்புக்குள் படுத்தபடியே நோட்டின் மேல் பேனாவை வைத்து ஒரு குறி போட்டுப் பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கி, பல் தெரியச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அவர்கள் புதன்கிழமையே வந்துவிட்டார்கள்.

தங்கச்சி மில்லுக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டுதான் போவாள். உள்ளே தாழ்ப்பாள் போட விசிலால் எழுந்து வர முடியாது. ஒருமுறை திறந்து வைத்துப் போனபோது எவனோ புகுந்து, அக்கா பார்த்துக்கொண்டிருக்கவே குக்கரையும் அவளுடைய போனையும் தூக்கிக்கொண்டு போனான். அதிலிருந்து பூட்டு. பதினொரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே ஒரு ஆண் குரல், "இந்த வீடுதான். படுத்த படுக்கைன்னு போட்டிருக்கு," என்றது.

"பூட்டியிருக்கே சார்," என்றது ஒரு பெண் குரல்.

"நாளைக்குன்னு சொல்லியிருந்தாங்க. ரூட்டை மாத்திட்டாங்க, நம்ம என்ன பண்றது? போன் போடு."

விசில் டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினாள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. மில்லில் இயந்திரத்தின் இரும்புத் தூணில் அப்படித் தட்டினால் 'இங்கே ஆள் வேண்டும்' என்று அர்த்தம். மில்லுக்குள் இருக்கிற எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்ப்பாள். படபடவென்று தட்டுவது வேறு விஷயம். அது யாருடைய கையாவது சிக்கிவிட்டது, ரத்தம், எல்லாவற்றையும் நிறுத்து என்பதற்கு. ரத்தம் இல்லாமல் அப்படித் தட்டியவளை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். இருபத்து நான்கு வருடம் அந்தக் கூடத்தில் நின்ற கை தானாக நிதானமாகத்தான் தட்டியது. இரண்டு, இடைவெளி, ஒன்று.

"பக்கத்துல யாரோ ஆணி அடிக்கிறாங்க போல," என்றது பெண் குரல். "போன் அடிக்குது சார், யாரும் எடுக்கல."

எப்படி எடுப்பாள்? வேலைக்குப் போகிறவர்களின் போனை மில் கேட்டில் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்களே.

"சரி, மேல ஒரு வீட்டை முடிச்சுட்டு வந்து பார்ப்போம். ரெண்டு தடவை பார்த்தா போதும்."

செருப்புச் சத்தம் மேலே ஏறியது. விசிலுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. ஆனால் மனதில் ஒரு தெம்பும் இருந்தது. தான் தட்டியது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது, திரும்பி வருகிறோம் என்கிறார்கள், அப்படியானால் கூப்பிட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவள் கணக்குப் போட்டாள். ஆணி என்று அவர்கள் சொன்னதை ஆசை மறைத்துவிட்டது. மில்லில் கூப்பிட்ட ஆள் வந்து நின்றதும் 'இங்கேதான் இருக்கிறேன்' என்று ஒரே ஒரு தட்டு தட்டுவார்கள். அரைமணி கழித்துக் கதவுக்கு வெளியே சத்தம் கேட்டதும் அவள் அதைத்தான் செய்தாள். ஒரு தட்டு. டம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்படியேதான் பூட்டியிருக்கு. எழுதிக்கோம்மா. ரெண்டு தடவை வந்தோம், வீடு பூட்டியிருந்தது."

பேனா தாளில் ஓடுகிற நேரம்தான் ஆனது. அவர்கள் இரண்டு மாடி இறங்கிய பிறகே அவளுக்கு உறைத்தது. அப்போது தட்டினாள், ரத்தத்துக்குத் தட்டுகிற தட்டு. ஜன்னல் கம்பி அதிர அதிர, டம்ளர் நசுங்க நசுங்கத் தட்டினாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா, "மதியான நேரத்துல கொஞ்சம் தூங்க விடுங்களேன்!" என்று கத்தினாள்.

சாயங்காலம் தங்கச்சி வந்து, போனில் தவறிய அழைப்பையும் நசுங்கிய டம்ளரையும் அக்காவின் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் எடுத்த லீவில் அலுவலகத்துக்குப் போய் மன்றாடினாள். குமாஸ்தா தலையைச் சொறிந்துகொண்டு, "எதுக்கும் அன்னிக்குச் சாவடியில போய்க் கேட்டுப் பாருங்க," என்று தட்டிக் கழித்தார். அந்த 'எதுக்கும்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்காவும் தங்கச்சியும் புதிதாகத் திட்டம் போட்டார்கள். மருந்துக் கடையில் சக்கர நாற்காலி கேட்டு வைத்தார்கள். கீழ்வீட்டு ஆட்டோக்காரர் தூக்கி இறக்க ஒத்துக்கொண்டார்.

தேர்தல் அன்றும் மில் அரை ஷிஃப்டு ஓடியது. தங்கச்சி வந்து, அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆட்டோக்காரரோடு சேர்ந்து இறக்கிச் சாவடிக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளும்போது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. பள்ளிக்கூட வகுப்பறை. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டி, நிறுத்தி, நிமிர்ந்தார்.

"இவங்க பேருக்கு நேரா குறி இருக்கும்மா. வீட்டு ஓட்டு கேட்டவங்க. இங்க போட முடியாது."

"வீட்டுல வந்து வாங்கவே இல்லையே சார்!"

விசில் நோட்டில் எழுதி நீட்டினாள்: "நான் உள்ளதான் இருந்தேன். தட்டினேன்." அதிகாரி படித்தார். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியுதும்மா. என் கையில ஒண்ணும் இல்ல. தங்கச்சி பேரு அடுத்த வரியிலயே இருக்கு, குறி எதுவும் இல்ல. நீங்க வாங்க, போட்டுட்டுப் போங்க."

தங்கச்சிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை ஆத்திரம். "எங்கக்காவுக்கு இல்லாத ஓட்டு எனக்கு எதுக்கு? நீங்களே வச்சுக்குங்க!" என்று கத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பி விறுவிறுவென்று தள்ளினாள். நோட்டு மேஜையிலேயே கிடந்தது. விசில் கையைத் தூக்கி ஆட்டினாள், பின்னால் இருப்பவளின் கையைப் பிடித்து இழுத்தாள், சக்கரத்தைப் பிடிக்கப் பார்த்தாள். மில்லின் கை ஜாடையில் நூல் அறுந்ததற்கு உண்டு, மேஸ்திரி வருகிறார் என்பதற்கு உண்டு, 'நீ திரும்பிப் போய் ஓட்டைப் போடு' என்பதற்கு இல்லை. "அழாதக்கா, அழாத, வீட்டுக்குப் போயிடலாம்," என்றபடி அழுதுகொண்டே தள்ளினாள் தங்கச்சி. அக்கா தன்னைத் தேற்றுகிறாள் என்று நினைத்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டோவில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. கடைத்தெருவில் ஏதோ கட்சிக்காரர்களின் கூட்டத்தில் வண்டி அரைமணி நின்றது. மூன்று மாடி ஏற, ஒவ்வொரு மாடியிலும் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கட்டிலில் படுக்க வைத்ததும் விசில் ஸ்டூலில் இருந்த மருந்துச் சீட்டைப் பிடுங்கி, பேனாவைக் கைகாட்டிக் கேட்டு, பின்பக்கத்தில் எழுதினாள்.

"அவனுக்கு எதிரா இந்த வீட்டுல ரெண்டு ஓட்டு இருந்துச்சு. ஒண்ணை அவங்க எடுத்தாங்க. இன்னொண்ணை நீ எடுத்துட்டே."

தங்கச்சி முதலில் புரியாமல் பார்த்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது, சாவடியை மூடியிருப்பார்கள். "நான் உனக்காகத்தானேக்கா..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல், கட்டில் விளிம்பில் தலையை வைத்துக் குலுங்கினாள். சின்ன வயதிலிருந்து அவள் அழும்போதெல்லாம் அக்கா முதுகைத் தடவிக் கொடுப்பாள். இன்றைக்கு விசில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.