வேட்டைக்காரன் பூச்சி

நவம்பர் பிறந்துவிட்டால் ஆர்லீன் வீட்டு வாசல் விளக்கு சாயங்காலம் நாலரைக்கே எரியும். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் அந்த மாதத்துச் சூரியனுக்கு அவ்வளவுதான் பொறுமை. ஆண்கள் மான் வேட்டைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் விளக்கைப் போட்டு வைப்பார்கள். உறைபனியில் மற்ற பூச்சிகளெல்லாம் செத்தொழிந்த பிறகு, ஒரு சின்ன அந்துப்பூச்சி மட்டும் அந்த வெளிச்சத்துக்கு வந்து கதவுக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வேட்டைக்காரன் பூச்சி என்று ஊரில் பெயர். அது நிறைய வந்தால் மானும் நிறையக் கிடைக்கும் என்பார்கள். நிஜமோ பொய்யோ, அதை யாரும் அடிப்பதில்லை.

ஆர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் மக்ரோனி கிண்டிக் கிண்டியே தோள்பட்டை தேய்ந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தூங்கிவிடுவாள், பூச்சி என்றால் விழித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் கணவன் மெர்ட்டனுக்காக வாசலில் காத்திருந்த மாலைகளில், வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் இதைப் பார்க்க ஆரம்பித்தாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தேநீர் சிந்திய காகித நிறம். உட்கார்ந்தால் இறக்கையைத் தட்டையாக விரித்துக்கொள்ளும். அதில் அலை அலையாக மங்கல் கோடுகள். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, குட்டையாய் இரண்டு துணுக்குகள் மட்டும். பறக்க முடியாத அந்தப் பெண் மண்ணிலிருந்து கிளம்பி மரத்தில் நடந்தே ஏறும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சிலந்தி என்று மிதித்துவிடுவார்கள். இதன் புழுதான் சாண் போட்டு நடக்கிற பச்சைப் புழு. இத்தனையும் பொருந்தினால் அது இந்த இனம்தான். ஆர்லீன் இதில் தவறியதே இல்லை.

பிறகு மெர்ட்டனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. துப்பாக்கியை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஜன்னலுக்கு எதிரே, கடல் ஓரமாக, அவர்களுடைய ஓக் மரம். இலையுதிர் காலத்தில் அதன் கொட்டைகள் உதிர, அவற்றைத் தின்ன அந்தி நேரத்தில் மான்கள் வரும். மெர்ட்டனுக்கு மிச்சமிருந்த வேட்டை அதுதான். போர்வைக்கு மேல் இடது ஆள்காட்டி விரலைத் துப்பாக்கி விசை இழுப்பதுபோல் மடக்கி, சுட்ட கணக்கு வைத்துக்கொள்வான்.

"இன்னிக்கு ரெண்டு விழுந்துச்சு, கிழவி. தோல் உரிக்கிறது உன் வேலை."

"உரிக்கிறேன். முதல்ல காலை நீட்டு, சாக்ஸ் மாட்டணும்."

அந்த ஒரு விரலுக்காகத்தான் அவன் காலையில் கண் விழித்தான் என்று ஆர்லீனுக்குத் தெரியும்.

ஒரு வசந்தத்தில் ஓக்கின் மொட்டுகள் விரியும்போதே ஓட்டையோடு விரிந்தன. பச்சைப் புழுக்கள் நூல் விட்டு இறங்கின. ஜூனில் மரம் ஜனவரி மாதிரி மொட்டையாக நின்றது. சாண் போடும் புழுதான், சந்தேகமில்லை. ஆனால் வேட்டைக்காரன் பூச்சியின் புழு ஏதோ கொறித்துவிட்டுப் போகுமே தவிர, இப்படிப் பட்டினிப் பட்டாளம் போல் பாய்ந்ததில்லை.

வனத்துறையிலிருந்து லெஸ்லி என்ற பெண் வந்து பார்த்தாள். கடல் தாண்டி நாற்றங்கால் செடிகளோடு வந்த பங்காளிப் பூச்சி ஒன்று உண்டு, அதே குடும்பம், உரித்து வைத்த உருவம் என்றாள். ஆண் பூச்சிகளைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வால் நுனியைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கூடிவிட்டதால் சிலதில் நுண்ணோக்கியும் கையை விரித்துவிடுகிறது. பெண்ணில்தான் ஒரு துப்பு: வந்தேறிக்கு அந்த இறக்கைத் துணுக்கு கொஞ்சம் நீளம்.

அந்த நவம்பரில் ஆர்லீன் டார்ச்சோடு மரத்தடியில் நின்று, ஏறி வந்த பெண் பூச்சி ஒன்றை உள்ளங்கையில் எடுத்தாள். துணுக்கு நீளமாகத்தான் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். இவ்வளவு காலம் விளக்குப் போட்டு எதை வரவேற்றோம் என்று நினைத்தவள், கையிலிருந்ததை விரலால் நசுக்கினாள்.

அவள் உள்ளே வந்ததும் மெர்ட்டன் கேட்டான். "நம்ம பூச்சிதானே?"

"நம்மதுதான்," என்றாள். வேறு என்ன சொல்லுவாள்?

அதற்குப் பிறகு செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. மருந்து அடிக்கலாமென்றால் மரம் கடலோரம். மருந்து தண்ணீரில் விழுந்தால் லாப்ஸ்டர் இறால் செத்துப்போகும், சட்டம் விடாது. பசை தடவிய பட்டையை மரத்தைச் சுற்றிக் கட்டினாள். முதலில் வந்தவை ஒட்டிக்கொண்டு செத்தன. பின்னால் வந்தவை அந்தப் பிணங்களையே பாலமாக்கி மேலே போயின. மறுபடி வந்த லெஸ்லி சொன்னாள்: இந்தப் புழுவைக் கொல்லும் ஈ ஒன்றை வேறோர் ஊரில் விட்டிருக்கிறார்களாம். அது பெருகிப் பலன் தர வருஷக்கணக்காகுமாம்.

"மரத்துக்கு அத்தனை வருஷம் இருக்கா?"

லெஸ்லி மழுப்பவில்லை. "தெரியல ஆர்லீன். பொய் சொல்லலாம், ஆனா எனக்குத் தெரியல."

அடுத்த வசந்தத்திலும் மரம் மொட்டையானது. கோடையில் எப்படியோ தேறி மெலிந்த இலை சிலவற்றை விட்டது. கொட்டை வைக்க அதற்குத் தெம்பில்லை. மெர்ட்டன் அந்த அரை மொட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டு, வெயில் கூடுதலாக உள்ளே வருகிறது, நல்லதுதான் என்று மட்டும் ஒருமுறை சொன்னான்.

மீண்டும் நவம்பர். ஆர்லீன் வழக்கம்போல விளக்கைப் போட்டாள். கதவிலும் ஜன்னலிலும் கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் இடைவெளி இல்லாமல் ஒட்டின. அவற்றின் சந்து வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது. அந்தியில் ஒரு பெண் மான் வந்தது. மரத்தடியில் மூக்கை வைத்து முகர்ந்தது. முன்னங்காலால் இலையைத் தள்ளியது, சுற்றி வந்து மறுபடி முகர்ந்தது. தலையைத் தூக்கி வீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு சாலைப் பக்கமாகப் போய்விட்டது.

ஆர்லீன் திரும்பி மெர்ட்டனின் இடது கையைப் பார்த்தாள். விரல் போர்வைமேல் நீட்டினபடியே கிடந்தது.

"ஆர்லீன்," என்றான். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. "விளக்க அணைச்சிடு."

"இருக்கட்டுமே. நம்ம பூச்சி..."

"இல்ல. போன வருஷமே தெரியும். நசுக்கின பூச்சியோட, கையக் கழுவாம வந்து என் பக்கத்துல உக்காந்தே. அப்பவே விளக்க அணைக்கச் சொல்ல எனக்குத்தான் மனசு வரல."

அவள் எழுந்துபோய் விளக்கை அணைத்தாள். கண்ணாடியில் இருந்தவை ஒவ்வொன்றாக விட்டுப் பறந்தன. அவையெல்லாம் ஆண். பெண்கள் விளக்குக்கு வருவதே இல்லை. இந்நேரம் அவை இருட்டில் மரத்தில் நடந்து ஏறிக்கொண்டிருக்கும். விளக்கை அணைத்தாலும் ஒன்றுதான், எரியவிட்டாலும் ஒன்றுதான்.

ஆர்லீன் அதை அவனிடம் சொல்லவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்காத அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.