ஞானதுரையின் முதல் கீரைக்கட்டு

ஞானதுரை மாத்தூரில் கீரை போடுகிறவர். குத்தகை நிலம். ஒரு பக்கம் மணலி ஆலைகளின் புகைக்கூண்டுகள், மறுபக்கம் கால்வாய். அதில் எந்த நிறத்தில் தண்ணீர் ஓடும் என்பது அன்றைக்கு எந்த ஆலையில் என்ன சமையல் என்பதைப் பொறுத்தது. மண்ணில் ஈயமும் காட்மியமும் ஏறிக் கிடந்தன. அரைக்கீரை முளைக்கும், விரல் உயரத்தில் வெளுத்து, வேர் கருகிச் சாகும். யாரும் வாங்க மாட்டார்கள். அந்த வகையில் அது நேர்மையான கீரை.

அதைப் பிழைக்க வைக்க வந்தவன் பாஸ்கர், ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் களப்பணியாளன். கேனில் நுண்ணுயிர்க் கரைசல் கொண்டுவந்து வேரில் ஊற்றினான்.

"இத்த ஊத்துனா செடி வெசத்தத் தாங்கிக்கும், நைனா."

"தாங்கினா போதும்டே. நானும் தாங்கிக்கிட்டுதான கெடக்கேன்."

கரைசல் பலித்தது. பாத்தியெல்லாம் கரும்பச்சை. சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். பாஸ்கர் ஒரு பிடி இலையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டான்.

"ரிசல்ட் வர்ற வரிக்கும் ஒரு இலகூட வெளிய போவக் கூடாது."

ஞானதுரை தலையாட்டினார். ஆனால் அதற்குள் அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது. முதல் விளைச்சலை ஆலயத்தில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது அவர் சனம் தெற்கேயிருந்து கொண்டுவந்த வழக்கம். வருஷா வருஷம் கடையில் வாங்கிய பூசணியோடு கூனிக் குறுகிப் போனவர் அவர். கர்த்தருடைய பங்கை ஆய்வுக்கூடத்துக்காக நிறுத்திவைக்கலாமா? விஷம் இருந்தால் செடி இப்படிச் சிரிக்குமா? ஒரே ஒரு கட்டு அறுத்தார்.

ஏலத்தில் எடுத்தது மருமகன் ஜோபின். மாமனார் கீரை அயலார் கைக்குப் போகலாமா? தவிர, மகள் ஜெஸ்லின் முழுகாமல் இருந்தாள். ரத்தத்தில் இரும்பு போதவில்லை, கீரை சாப்பிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மறுநாள் பாஸ்கர் போன் செய்தான்.

"செடி பலே கில்லாடி, நைனா. வெசத்த அத்தினியும் தூக்கி இலைல வெச்சிகினு கீது. அதுக்கு ஒண்ணியும் ஆவல. துன்றவனுக்குத்தான் பேஜாரு. நல்லவேள, நீ அறுக்கல."

ஞானதுரை போனை வைத்துவிட்டு பஸ் ஏறினார். வழியில் டோல்கேட்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு வண்டி நகரவில்லை. இறங்கி, மகள் வீடு இருக்கும் ராயபுரம் வரை ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஜெஸ்லின் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா! அந்தக் கீரை இன்னா ருசி! அவருக்குக்கூட வெக்காம நானே துன்னுட்டேன். இன்னாப்பா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

சொன்னார். அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"உங்க கீரைய சோதிச்சாங்க, தெரிஞ்சிது. இத்தினி மாசமா நான் டோல்கேட் மார்க்கெட்ல வாங்கித் துன்னதெல்லாம் எங்க வெளஞ்சிது? அத்த யாருப்பா சோதிச்சாங்க?"

நாளைக்கென்று வாங்கிய கட்டு ஒன்று சமையல் மேடையில் கிடந்தது. நல்ல கரும்பச்சை. ஞானதுரை அதை எடுத்துப் புரட்டினார், முகர்ந்தார், ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"வெச்சிடுங்கப்பா," என்றாள் ஜெஸ்லின். "கீரை துன்றியான்னு டாக்டரம்மா கேட்டா இன்னா சொல்றது?"