விமானத் தளத்தில் மாமியாரும் மருமகனும்

டல்சி நங்கலாவுக்கு மருமகன் கிளிஃப்டன் மேல் கொள்ளைப் பிரியம். அதற்கு அத்தாட்சி, மகள் ரொசீனாவைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அவன் கடைக்குள் நுழைந்தால் இவள் பின்வாசல் வழியே வெளியேறுவாள். இவள் எதிரே வந்தால் அவன் முதுகைக் காட்டிப் புதரை ஆராய்ந்துகொண்டு நிற்பான். பேச்சு கிடையாது, ஒரே வண்டியில் பயணம் கிடையாது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஊரான யர்ரிப்பியில் மாமியார்-மருமகன் மரியாதை என்றால் அதுதான். மாமியாரோடு மல்லுக்கட்டுகிற மற்ற ஊர்க்காரர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பாலைவனத்து ஊருக்கு அரசாங்கம் பயிற்சி கொடுப்பதில் என்றுமே குறை வைத்ததில்லை. டல்சி ஏணி ஏறப் பயின்றவள். ஏறுவதற்கு ஊரில் மாடி இல்லை. கோழி வளர்க்கப் பயின்றவள். கோழிகள் வந்து சேரவில்லை. வேலை மட்டும் எப்போதும் தொலைவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலேயே இருந்தது. அங்கே போய் அக்காவின் நெரிசல் வீட்டில் ஒண்டிக்கொண்டு ஹோட்டல் அறை கூட்டலாம், அவ்வளவுதான்.

இந்த முறை வந்த திட்டம் வேறு மாதிரி. என்ன வேலை வேண்டும் என்று ஊரையே கேட்டார்கள். மருத்துவ விமானம் இறங்கும் மண் ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றது ஊர் மன்றம். ஒட்டகம் விரட்டுவது, குழி மூடுவது. முழுச் சம்பளம், விடுப்பு, ஓய்வுகாலச் சேமிப்பு எல்லாம் உண்டு. இது கிடைத்தால் ஊரோடு இருக்கலாம், கிடைக்காவிட்டால் ஆலிஸ்தான் என்று டல்சி முடிவு செய்துவிட்டாள்.

பயிற்சி கொடுக்க வந்த கிரகாம் ஊருக்குப் புதிது, தங்கமான மனிதர். கடைசிவரை நின்றது இரண்டே பேர். காலை வகுப்புக்கு வந்த கிளிஃப்டனும் மாலை வகுப்புக்கு வந்த டல்சியும். இறுதித் தேர்வில் இருவரும் ஒரே வண்டியில் போக வேண்டும், ஒருவர் ஓட்ட ஒருவர் கண்காணிக்க என்று கிரகாம் அறிவித்தார். உடனே டல்சிக்குப் பல்வலி வந்தது. தேதியை மாற்றினார். கிளிஃப்டனுக்குப் பல்வலி.

இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று கிரகாம் கண்டுபிடித்தார். சமாதானம் பேச அவரும் ஒரு பயிற்சி பெற்றிருந்தார். இருவரையும் தனித்தனியே சொல்லி, டீயும் பிஸ்கட்டும் வைத்து, ஒரு சின்ன அறைக்கு வரவழைத்தார். டல்சி உள்ளே வந்ததும் கிளிஃப்டன் ஜன்னல் வழியாகக் குதித்தான். டல்சி மேஜைவிரிப்பை உருவித் தலையில் போர்த்திக்கொண்டாள். டீ கிரகாமின் மடியில்.

"என்ன சண்டைன்னு சொல்லுங்க டல்சி, பேசித் தீர்த்துக்கலாம்."

"சண்டையா?" என்றது மேஜைவிரிப்பு. "அந்த மாதிரி பிள்ளை யாருக்கய்யா கிடைக்கும்? ஜன்னலைத் தாண்டும்போது அடிகிடி பட்டுச்சான்னு பாரு முதல்ல!"

ரொசீனாதான் வந்து, சிரித்து முடித்துவிட்டு, முறையை விளக்கினாள். கிரகாம் தலையில் கை வைத்தார். ஒரு வண்டி, இரண்டு ஆள் என்பது விதி. டல்சி பெட்டி கட்டத் தொடங்கினாள்.

திட்டத்து அதிகாரி ஃபெலிசிட்டி நேரிலேயே வந்தார். அதிகாரி நேரில் வந்தால் இருப்பதும் போகும் என்பது ஊர் அனுபவம்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் இருக்கணுமா?" என்றார்.

"விதி அப்படித்தான் சொல்லுது," என்றார் கிரகாம்.

"விதியை எழுதினது நாங்கதானே? பேனா இன்னும் எங்ககிட்டதான் இருக்கு."

இன்னொரு வண்டி வந்தது. இரண்டிலும் ரேடியோ பொருத்தினார்கள். நடுவில் பேச மருத்துவமனை நர்ஸ் பெவர்லி. அடுத்த விமானம் இறங்கும் நாளே தேர்வு நாள்.

"சிஸ்டர்," என்றான் கிளிஃப்டன் வடக்குக் கோடியிலிருந்து, "தெக்கால யாரோ ஒருத்தர் இருக்காங்களாம். அவங்க வண்டிக்குப் பின்னாடி ஒட்டகம் நிக்குதுன்னு சொல்லுங்க."

"டல்சி, உங்க பின்னாடி ஒட்டகம்."

"கேட்டுச்சு சிஸ்டர். சொன்னவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. என் மக ஒழுங்கா ஆக்கிப் போடறா போல."

"அதையும் சொல்லணுமா?"

"அதைத்தான் முக்கியமா சொல்லணும்."

ஹார்னை அலறவிட்டு ஒட்டகத்தைப் புதருக்குள் துரத்தினாள் டல்சி. விமானம் புழுதி கிளப்பி இறங்கியது. கிரகாம் இருவருக்கும் கை கொடுத்தார், ஓடுதளத்தின் இரண்டு கோடிகளுக்கும் நடந்து போய்.

கட்டிய பெட்டியை டல்சி அவிழ்த்தாள். அரசாங்கத்துக்கு நன்றி சொல்லாமல் விடுவது அவள் வழக்கமில்லை. வாயால் சொல்லிவிட்டுப் போவதும் வழக்கமில்லை. நல்லவர்களை உறவாக்கிக்கொள்வதுதான் முறை. ஃபெலிசிட்டியை என்ன உறவாக்குவது? மகள் என்றால் கிளிஃப்டனுக்கு மனைவி முறையாகிவிடும், ரொசீனா விறகுக்கட்டையைத் தூக்குவாள். யோசித்து, தங்கை என்று அறிவித்தாள்.

ஃபெலிசிட்டி கண் கலங்கிவிட்டார். "அப்போ கிளிஃப்டன் எனக்கு என்ன வேணும்?"

"மருமகன்," என்றாள் டல்சி. "அந்தா வர்றான் பாரு. திரும்பி நில்லு தங்கச்சி, சீக்கிரம்!"

அரசாங்கம் அவசரமாகத் திரும்பி நின்று புதரைப் பார்த்தது.