பதினான்காம் எண்

போன வாரம் எங்கள் வீட்டு மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார் எலக்ட்ரீசியன். கீழ்த் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் மோட்டார் தானே நின்றுவிடுமாம். "புதுசா வந்திருக்கு, அக்கா" என்றார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையைச் செய்யும் ஒரு பெட்டியை, மூன்று பக்கத் தோற்றமும் போட்டு, கறுப்பு மையில் நானே வரைந்திருக்கிறேன் என்று சொன்னால் அவர் பாவம், டீயைக் குடித்துக்கொண்டே எவ்வளவு நேரம் கேட்பார்?

நான் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவள். பெண்ணாக இருந்தாலும் சான்றிதழில் 'மேன்'தான். கோவில்பட்டியில் மைதீன் சார் என்ற இன்ஜினீயரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே லேத் பட்டறை, மாடியில் ஒரே அறை. ஏறும்போதே லேத் எண்ணெய் வாடையும், ப்ளூ பிரிண்ட் எடுக்கும் அமோனியா நெடியும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது அமோனியா வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது போல இருக்கும்.

மைதீன் சாரிடம் பத்து காப்புரிமைகள் இருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இருக்காது. நூற்பாலையில் இழை அறுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் மின்கருவி, கிணற்று மோட்டாருக்கு நான் முன்னால் சொன்ன பெட்டி, கடலைப்பருப்பில் தோலை ஊதித் தள்ளும் விசிறி, ஈரக் கரிசல் மண் அப்பிக்கொள்ளாத விதைப்புக் குழாய். இந்தக் குழாயைச் சோதிக்க நாகலாபுரத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். குழாயில் மண் அப்பவில்லை. என் செருப்பில் அப்பியது; ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன்.

இவற்றை நினைத்து அவர் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றை முடித்ததும் அதை மறந்துவிடுவார். அவரைத் தூங்கவிடாத ஒன்று பதினொன்றாவதுதான்.

கழுகுமலைப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலை. மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைப் பெண்கள் கையால் பெட்டியில் அடைப்பார்கள். ஒரு குச்சி உரசிப் பற்றினால் கையில் பிடித்திருக்கும் குச்சிகளும் பற்றும், அங்கிருந்து பக்கத்துக் குவியலுக்குத் தாவும். அடைக்கிறவர்கள் விரல்களில் சுட்ட வடு இல்லாத ஆளே கிடையாது. சார் அதற்கு ஒரு தகரத் தட்டு செய்தார். மேலே கீல் வைத்த மூடி. மின்காந்தம் மூடியைத் தூக்கிப் பிடித்திருக்கும். தீயின் சூடு பட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு மூடி விழுந்து, தீயைத் தட்டுக்குள்ளேயே அடக்கிவிடும். எட்டு மாத உழைப்பு.

ஆலையில் அதைப் பாக்கியம் என்ற பெண்ணிடம் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர்களில் வேகமாக அடைக்கிறவள் அவள்தான். முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் நாலு தடவை கரண்ட் போனது. நாலு தடவையும் மூடி அவள் கைமேல் விழுந்தது. நாலாவது தடவை கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தீக்கு விழுததவிட கரண்டுக்குத்தான் சார் நெறைய விழுது."

"அதச் சரி பண்ணிரலாம்மா. உள்ள ஒரு பேட்டரி வச்சிருவோம்."

"பேட்டரி எதுக்கு சார்? ஒரு நூலக் கட்டி மூடியத் தொங்க விடுங்க. தீப்பட்டா நூலு அறுந்திரும். மூடி தன்னால விழுந்திரும்."

சார் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், "எட்டு மாசம் நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்றார். என்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

காந்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நூல் கட்டினோம். பட்டறையில் வேண்டுமென்றே பற்றவைத்து முப்பது தடவை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நூல் கருகி, மூடி விழுந்தது.

விண்ணப்பத்தில் 'உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' என்று உறுதிமொழி தர வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதில் பாக்கியத்தின் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று சார் உறுதியாக நின்றார். கையெழுத்து வாங்க அவள் வீட்டுக்கு இருவரும் போனோம். அவள் பேனாவைத் தொடவில்லை.

"ஆலையில தீப்பிடிக்கின்னு நானே கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா? மொதலாளி நாளைக்கே வராதேம்பாரு. நீங்களே வச்சுக்கிடுங்க சார். ஒரு நூலுதான?"

"நீ போடலேன்னா நானும் போட மாட்டேன். பொய்க் கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலை போனால் போவது இவருக்கா? அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். சாரின் முகம் சுருங்கிவிட்டது. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அதுவும் சரிதாம்மா" என்று எழுந்தார்.

ஒன்பதாம் நாள் பாக்கியம் மாடியேறி வந்தாள். வலது கையில் கட்டு. அவளுக்குப் பக்கத்தில் அடைத்த பெண்ணின் குச்சிகள் பற்றியதாம், இவள் அணைக்கப் போனாளாம். "அவ மூஞ்சி தப்பிச்சது பெருசு. கையெழுத்து எங்கன போடணும்?" என்றாள். இடது கையால் பெயரை எழுதி முடிக்க வெகு நேரமானது.

விண்ணப்பம் போனது. சில மாதங்களில் சென்னையிலிருந்து ஒரு ஆட்சேபக் கடிதம். பதினான்காம் எண் சுட்டும் பாகம் படத்தில் காணப்படவில்லை. படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் உண்டு; பதினான்கு, நூல். இருப்பதிலேயே மெல்லிய நிப்பால் நான் அதை அத்தனை அழகாக வரைந்திருந்தேன், நகலில் அது விழவே இல்லை. மொத்தக் கண்டுபிடிப்பும் அந்தக் கோடுதான். சார் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். கோட்டைத் தடிப்பாக்கி அனுப்பினேன். இரண்டு பெயரிலும் காப்புரிமை வந்தது.

பாக்கியத்துக்கு வேலை போகத்தான் செய்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதமே பசுவந்தனை ரோட்டில் வேறொரு ஆலை அவளைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது; அங்கே ஐம்பது தட்டுகள் இருந்தன. எங்களைக் கேட்டுச் செய்தவை அல்ல. வழக்குப் போடலாமே என்றேன். "வெரல் சுடாம இருக்குல்லா? விடும்மா" என்றார் சார். மெல்ல மெல்ல எல்லா ஆலைகளிலும் அந்தத் தட்டு வந்துவிட்டது. பழைய முதலாளியும் வாங்கினார்.

சார் போய்ப் பல வருஷமாகிறது. மாடியறையில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். குச்சி அடைக்க இயந்திரம் வந்த பிறகு தட்டுகளை மொத்தமாக எடைக்குப் போட்டார்கள். பாக்கியத்தை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "மிஷினுக்கு ஏது வெரலு? போனது நல்லதுக்குத்தாம்" என்றாள்.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டால் அந்தப் பொருளை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது சட்டம். எங்களுடையதும் முடிந்துவிட்டது. இப்போது அது எல்லோருக்கும் சொந்தம். ஒருவருக்கும் தேவையில்லை.