சகலனோடு மலையிறக்கம்

2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை மணி. என் சகலன் அன்ரனின் கார் எங்கள் படிக்கட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மொன்றியலில் நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அருமை. அவருக்கு எப்போதும் கிடைத்துவிடும். காரின் கூரையில் அவருடைய புதுச் சைக்கிள் முன் சக்கரம் இல்லாமல் நின்றது. சில்லைக் கழற்றிக் காருக்குள் வைத்தால்தான் சைக்கிளைக் கூரையில் பூட்ட முடியும்.

அன்ரன் அண்ணை என் மனைவியின் அக்கா ரஞ்சினியைக் கட்டியவர். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருவரும் ஒரே கத்தோலிக்கக் கோயிலின் பங்கைச் சேர்ந்தவர்கள். மொன்றியலுக்கும் ஒரே வருடத்தில்தான் வந்தோம். அவர் வேலை முடிந்து போய்ப் பிரெஞ்சு படித்தார். நான் துணித் தொழிற்சாலையில் வெட்டும் மேசையிலேயே நின்றுவிட்டேன். இப்போது அவருக்கு நகரின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் புல்வெளியோடு தனிவீடு. எனக்கு மூன்றாம் மாடியில் வாடகை வீடு. பொறாமை என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை மறைத்து இந்தப் பயணத்தைப் பற்றி எழுத முடியாது.

சாம்ப்ளேன் பாலத்தைக் கடந்து பத்தாம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், எங்கள் வீட்டிலிருந்து தொண்ணூறு கிலோமீற்றரில் புரோமோன். மாரியில் பனிச்சறுக்கும் மலை அது. கோடையில் பனி உருகியதும் சறுக்குபவர்களை மேலே தூக்கிப்போகும், கம்பியில் தொங்கும் அதே கதிரைகளில் சைக்கிள்களை மேலே ஏற்றிவிடுகிறார்கள். மேலிருந்து காட்டுக்குள் வெட்டிய பாதைகளில் கீழே ஓடி வர வேண்டும். மிதிக்க வேண்டியதில்லை, பிரேக்கைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். எனக்கு அதுதான் தெரியவில்லை.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நாள் சீட்டு முப்பத்திரண்டு டொலர். வாடகைச் சைக்கிள், முகம் மூடும் தலைக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் சேர்த்து எழுபது. அன்ரன் அண்ணை பணப்பையை எடுத்தார்.

"நான் குடுக்கிறன் அண்ணை" என்றேன்.

"நான்தானே கூப்பிட்டனான்."

"இல்லை, நான் குடுக்கிறன்."

நான் கொடுத்த அந்த எழுபதும் எனக்கு ஒரு நாள் கூலி.

சனிக்கிழமை முழுவதும் சுலபமான பச்சைப் பாதையில்தான் ஓடினோம். பேர்ச் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, சின்ன மரப்பாலங்களுக்கு மேலால் வருகிற பாதை. அன்ரன் அண்ணைக்கு இது மூன்றாவது முறை. வேலைத்தல நண்பர்களோடு முன்பு வந்திருக்கிறார். வளைவுகளில் உடம்பைச் சாய்த்துத் தண்ணீர் போலப் போனார். நான் இரண்டு பிரேக்கையும் இறுக்கியபடி வந்ததில் மத்தியானத்துக்குள் விரல்கள் மடங்க மறுத்தன. அடிவாரத்தில் கியூபெக் பெடியன்கள் சிலர் அவருடைய தோளில் தட்டி ஏதோ சொன்னார்கள். அவரும் சிரித்துப் பிரெஞ்சில் பதில் சொன்னார். நான் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றேன்.

மலையிலிருந்து நாலு கிலோமீற்றரில் ஒரு மோட்டலில் தங்கினோம். சைக்கிளை வெளியில் விடப் பயந்து, அன்ரன் அண்ணை சில்லைக் கழற்றி இரண்டையும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்.

ஞாயிறு காலை ஒன்பதரை மணி. கதிரை வரிசையில் நின்றபடி அவர் அவசரமாகச் சில்லைப் பூட்டினார். சைக்கிள்கள் எங்களுக்கு முன்னால் போகும் கதிரையில் ஏறின. பின்னால் வந்த கதிரையில் நாங்கள் இருவரும். மேலே போய்ச்சேர எட்டு நிமிடம். பாதி மலையில் அதைக் கண்டேன். முன் சில்லின் அச்சில் ஒரு சின்ன இரும்புப் பிடி உண்டு. அதை மடக்கி இறுக்கினால்தான் சில்லு நிற்கும். அன்ரன் அண்ணையின் சைக்கிளில் அது மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை" என்று தொடங்கினேன். அதே நேரத்தில் அவரும் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

"ரெண்டு நாளாக் கதைக்க வேணும் எண்டு யோசிக்கிறன், தம்பி. ஷெரின் வாற வகுப்பை எங்களோட இருந்து படிக்கட்டும். பள்ளிக்கூடம் கிட்ட. நல்ல பள்ளிக்கூடம். எங்களுக்கும் பிள்ளையள் இல்லை."

ஷெரின் என் ஒரே மகள். பன்னிரண்டு வயது. அவரிடம் இல்லாதது என்று என்னிடம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"அவளைக் கேக்க வேணும்" என்றேன்.

"அவள்தான் கேட்டவள். போன கிழமை ரெலிபோன் எடுத்து, பெரியப்பா, நான் அங்க வந்து இருக்கட்டோ எண்டு. உம்மட்டச் சொல்லப் பயமாம்."

காலுக்குக் கீழே மரங்களின் உச்சி மெல்ல நகர்ந்து போனது. எதிரே அந்தப் பிடி.

"நீர் என்னவோ சொல்ல வந்தனீர்?"

"ஒண்டுமில்லை."

மேலே இறங்கினோம். சொல்ல நேரம் இருந்தது. அவர் கவசத்தை மாட்டினார், கையுறை போட்டார், தண்ணீர் குடித்தார். நான் என் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் சரிவில் உருளத் தொடங்கியதும்தான் என் வாய் திறந்தது. "சில்லு! அண்ணை, சில்லு!" என்று கத்தினேன். முகம் மூடிய கவசத்துக்குள் எதுவும் கேட்டிருக்காது. முதலாவது மேட்டில் சைக்கிள் எழும்பியது. முன் சில்லு தனியாகக் கழன்று பற்றைச் செடிகளுக்குள் ஓடியது. அவர் தோள் அடிபட விழுந்தார்.

மீட்புக்காரர்கள் வந்து சேரும்வரை அவருடைய தலையை என் மடியில் வைத்திருந்தேன். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் காத்திருந்தோம். கழுத்தடியில் காறை எலும்பு முறிந்திருந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. டொக்டரிடம் அன்ரன் அண்ணை என்னைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு எனக்கும் சொன்னார்: "நீர் கத்தினதாம். பின்னால நிண்ட பெடியன் சொன்னவன். எனக்குத்தான் கேக்கேல்லை. பெரிய உபகாரம், தம்பி."

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். இரண்டு வருடமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட கார். அவர் கையைத் தூக்குக்கட்டில் போட்டபடி பக்கத்தில் இருந்தார். நான் ஓட்டுவதை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, பிடி திறந்து கிடந்ததை நான் கதிரையில வரேக்கையே கண்டனான்."

நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் இரண்டு பாதைகள் கடந்து போயின.

"என்ன சொல்ல வந்தனீர் எண்டு நான் கேட்டனான்."

"ஓம்."

"ஒண்டுமில்லை எண்டனீர்."

"ஓம்."

இல்-பிசாருக்குத் திரும்பும் இடத்தை மட்டும் அவர் கையால் காட்டினார்.

மாலை ஏழு மணிக்கு ரஞ்சினி அக்கா வாசலுக்கு ஓடி வந்து அழுதார். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரன் அண்ணை சொன்னார்: "சில்லை நான் சரியாப் பூட்டேல்லை. என்ர பிழை."

"நல்ல காலம், நீங்கள் கூட இருந்தனீங்கள்" என்றார் அக்கா என்னிடம். "சாப்பிடுங்கோ. பிறகு நான் காரில கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம். அவருக்கு பஸ் இருக்கு" என்றார் அன்ரன் அண்ணை.

அக்கா திகைத்துப் போய் அவரைப் பார்த்தார். அன்ரன் அண்ணை என்னோடு தெருவரை நடந்து வந்தார்.

"எனக்கு இண்டைக்கு உம்மோட ஒரு மேசையில இருந்து சாப்பிடேலாது" என்றார் தாழ்ந்த குரலில். "பிள்ளையின்ட விஷயம் வேற. நான் சொன்னது சொன்னதுதான். அவளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அந்த நேரம் பிள்ளைகளின் சத்தமும் கறி வாசமும் படி முழுக்க ஆட்களுமாக இருக்கும். இங்கே புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும். வீடும் புல்லும் காரும் உழைத்தால் எனக்கும் வரும் என்று இத்தனை வருடம் என்னைத் தேற்றி வந்திருக்கிறேன். மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த மனுசனைப் போல நான் எப்படி ஆவது? அந்தப் பஸ் தரிப்பில் நின்றபோதுதான், பதினைந்து வருடத்தில் ஒருபோதும் இல்லாத அளவுக்கு அவர் மேல் எனக்குப் பொறாமை வந்தது.

பஸ்ஸும் மெற்றோவும் மாறி வீட்டுக்கு வந்தேன். ஷெரின் கதவைத் திறந்தாள். "பெரியப்பாக்கு நோகுதாமா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "ஓகஸ்ட் கடைசியில நீ அங்க போகலாம்."

அவள் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இதற்கு முன் எப்போது அப்படிக் கட்டிக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.