மையில்லாமல் அடித்த வினாத்தாள்

என் பெயர் சதாசிவன். பாறசாலைக்கு அருகில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய தட்டச்சுப் பொறிகளைச் சேர்ப்பது என் வழக்கம். இதுவரை பதினான்கு சேர்ந்துள்ளன. புதிதாக வரும் பொறியில் எண்ணெய் விடுமுன் எந்த விசையையும் தொடமாட்டேன். உருளையில் ஒரு வெள்ளைத்தாளை மட்டும் செருகி வைப்பேன். பேய் என்று பேசிய மாணவர்களைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியவன் நான். ஆகவே, இதை நான் புனைந்து சொல்வதாக எவரேனும் கருதினால் எனக்குக் கோபம் வரும். இந்த ஆவணியில், பட்டப்பகலில், என் வீட்டில் நடந்தது இது.

பதினான்காவது பொறி எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருந்தது. பள்ளி கழித்துப்போட்டதை நான் வாங்கிவந்தேன். அதில் பல ஆண்டுகள் தட்டச்சு செய்தவர் எழுத்தர் அம்மிணி. 1996இல் அரையாண்டுத் தேர்வின் தமிழ் வினாத்தாள் முன்கூட்டியே வெளியானது. அடித்தவர் அவர் என்பதால் பழி அவர்மீது விழுந்தது, வேலையும் போயிற்று. சென்ற ஆண்டு அவர் இறந்தார்.

வியாழக்கிழமை நண்பகலில் அவருடைய மகள் பிரசீதா, பக்கத்து ஊரான செங்கலிலிருந்து வந்தாள். பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு நானே பதிப்பாசிரியர். அதில் பழைய பணியாளர் பட்டியலில் அம்மிணியின் பெயர் இல்லை.

"சாரே, அம்மா அதைச் செய்யல்லன்னு ஒரு வரி எழுதித் தாங்க. பள்ளிக்கூடத்துல பேரைச் சேர்த்துருவினும்."

"எனக்கென்ன தெரியும்? பழையதை எதற்குக் கிளறுகிறாய்?"

"உங்களுக்குத் தெரியும்னு அம்மா சாகும்பமும் சொன்னாவ."

"எழுந்து போ!" என்று கத்தினேன். போய்விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கோபம் அடங்காமலே படுத்தேன்.

மணி 2.40. பக்கத்து அறையில் ஓர் ஒலி. டக்... டக்... டக்.

"ஸ்ரீ! அதைத் தொடாதே என்று எத்தனை முறை சொல்வது?"

"நான் அடுக்களையிலாக்கும்!" என்றாள் மனைவி. "மீன் கழுவிய கையோட உங்க மிசினை வந்து கொஞ்சவா?"

ஒலி நின்றது.

2.47. மீண்டும் தொடங்கியது. இம்முறை வேகமாக, தயக்கமின்றி. பழகிய கை அடிப்பதுபோல. வரி முடியும்போது மணி ஒலித்தது... டிங். தாளைத் தாங்கும் வண்டி திரும்பியது... சர்ர்ர்.

"யாரடா அது?"

கைத்தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அறையில் எவரும் இல்லை.

சன்னல் உட்புறம் தாழிட்டபடியே இருந்தது.

பதினான்காவது பொறியில் தாள் மட்டும் மேலே ஏறியிருந்தது. வெறுந்தாள்.

ரிப்பனின் நெம்பு வெள்ளைப் புள்ளியில் நின்றது. படியெடுப்பதற்கான மெழுகுத்தாளில், அதாவது ஸ்டென்சிலில், அடிக்கும்போது அப்படித்தான் வைப்பார்கள். ரிப்பன் விலகிவிடும். எழுத்து மையின்றித் தாளை வெட்டும்.

நான் அதைத் தொடவே இல்லை...

தாளை உருவி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

தாள் முழுதும் எழுத்துத் தடங்கள்.

"அரையாண்டுத் தேர்வு. தமிழ். எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க."

"1. ஸ்டென்சிலை எரித்தவர் யார்?"

"2. ஸ்டென்சிலை எரித்தவர் யார்?"

"3. ஸ்டென்சிலை எரித்தவர் யார்?"

இருபது வினாக்கள். இருபதும் ஒன்றே.



பின்னால்... டக்.

நான் திரும்பவில்லை.

விடை எனக்குத் தெரியும். படியெடுத்து முடிந்த ஸ்டென்சிலைத் தேர்வுப் பொறுப்பாளர் எரித்துவிட்டுப் பதிவேட்டில் ஒப்பமிடுவது பள்ளி முறை. பொறுப்பாளர் நான். 4.15 பேருந்து போய்விடுமே என்று முதலில் ஒப்பமிட்டேன். ஸ்டென்சிலை மேசையடிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஓடினேன். அதை எடுத்தவன் எவனோ. அம்மிணி ஆசிரியர் அறையில் நின்று அழுதபோது நான் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, அந்தப் பெயரைச் சொன்னவர்கள்மீதெல்லாம் சீறி விழுந்திருக்கிறேன். சீற வேண்டியது எவன்மீது என்று அறிந்துகொண்டே.

சனிக்கிழமை, காட்டாக்கடையிலிருந்து மெக்கானிக் செல்லசாமி வந்தார். பொறியைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"சாரே, இதைக் கொண்டு என்னத்துக்கு? வண்டியை இழுக்கிய நாடா அறுந்து, ஸ்பிரிங்கும் இல்ல. அடிச்சா எல்லா எழுத்தும் ஒரே எடத்துலதான் விழும்."

"வியாழக்கிழமை இது ஓடியது."

"இதா? பத்து இருவது வருசமா இது ஒரு வரி அடிச்சிருக்காது. நாடா அறுந்த எடத்துல துருவைப் பாருங்க."

பார்த்தேன். அந்தத் தாளை அவரிடம் காட்டவில்லை.

இப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

நாளை காலை செங்கலுக்குப் போகிறேன். ஸ்டென்சிலை நான் எரிக்கவில்லை என்று எழுதி, ஒப்பமிட்டுப் பிரசீதாவிடம் கொடுப்பேன். மலரிலும் அதை அப்படியே அச்சிடுவேன்.