அந்த இரண்டு பேர் யார்

ஸ்லேட் ஹார்பரில் பாதிரியார் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வானிலை விட்டால், ஒருவர் வந்து போவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவள் ஆல்வினா ரம்போல்ட். வாரம் முழுக்க ஆலையில் நண்டு ஓடு உடைப்பாள். ஞாயிறு காலை கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வெள்ளை அங்கியை மாட்டுவாள். பாட்டு அவளுக்குச் சுருதி சேராது. பெயர் வாசிப்பதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

கனடாவின் வடகிழக்கில், லாப்ரடோரின் அந்தக் கரையில், ஜூனில் பனி உடைந்து படகுகள் இறங்குவதற்கு முந்தைய ஞாயிறு, முந்தின வருஷம் தண்ணீரில் மூழ்கிப் போனவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். ஆல்வினாவுக்குப் பதினொரு வயதில் அவள் அப்பா அப்படிப் போனார். அப்போது ஜெபம் நடத்தியவர் சளியும் இருமலுமாக நின்று அவர் பெயரைத் தவறவிட்டுவிட்டார். அம்மா அதற்குப்பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, யாராவது மூழ்கினார்கள் என்று காதில் விழுந்தால் ஆல்வினா பக்கத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் தானே போன் போட்டு, பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொள்வாள்.

ஒரு வருஷம் அப்படி மூன்று பெயர் சேர்ந்தது. மார்ச்சில் பனி உடைந்து பனிவண்டியோடு தண்ணீருக்குள் போன டெல்பர்ட் ஸ்நூக். செப்டம்பரில் படகு கவிழ்ந்த லார்க்கின் சகோதரர்கள், மோசஸும் கேல்வினும். மூன்று பேரின் அடக்கத்துக்கும் ஆல்வினா போயிருந்தாள்.

மறு ஏப்ரலில் விமானத்தில் வந்த பத்திரிகையில் அரசாங்கத்தின் மரணக் கணக்கு வந்தது. புற்றுநோய், இதயநோய் என்று ஊர் ஊராகப் பட்டியல். அவர்கள் கரைக்கு நேரே, நீரில் மூழ்கியவர்கள்: 5.

ஆல்வினா லியாண்டரின் கடையில் நின்றபடியே அதை மூன்று தடவை படித்தாள்.

"தப்பா அச்சடிச்சிருப்பான்," என்றாள்.

"பத்திரிகைக்காரனா எண்ணினான்? அரசாங்கம் எண்ணினது," என்றான் லியாண்டர், டின்பாலை அடுக்கிக்கொண்டே. "டாக்டர் எழுதுற தாள் ஒண்ணு விடாம அங்கதான் போகுது. அவங்களுக்குத் தெரியாதா?"

காப்பி குடித்துக்கொண்டிருந்த ஹேவர்ட் சிரித்தான். ஆல்வினாவின் கொழுந்தன், காணாமல் போனவர்களைத் தேடும் குழுவுக்கு அவன்தான் தலைவன். "இங்க ஒரு நாய் செத்தா மூணு துறைமுகத்துக்குத் தெரியும். நமக்குத் தெரியாம ரெண்டு மனுஷன் செத்தானாக்கும்."

சொல்லிவிட்டானே தவிர, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டான். ஆல்வினா அன்று முழுக்கப் போனில் இருந்தாள். எல்லா ஊரிலும் அதே மூன்று பெயரைத்தான் சொன்னார்கள். அப்பாவின் பெயர் விட்டுப்போன அந்த ஞாயிறு அவளுக்கு மறுபடி ஞாபகம் வந்தது. எங்கேயோ இரண்டு வீட்டில் இரண்டு பேர் பெயருக்காகக் காத்திருக்கிறார்கள், தன் கையில் அந்தப் பெயர்கள் இல்லை.

சாயங்காலம் லியாண்டர் அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். "போன வருஷம் கியூபெக்லேர்ந்து ஒருத்தன் வந்தானே, ரெஜான்னு. மஞ்சள் பனிவண்டி. என் கடையிலதான் பெட்ரோல் போட்டான். திரும்பி வரும்போது ரம் வாங்கிக்கிறேன்னான். வரவே இல்ல."

"ஏன்டா இதை ஒரு வருஷமா சொல்லலே?"

"ரம் வாங்காம போனவனையெல்லாம் செத்தவன்னு எப்படி நினைக்கிறது?"

மறுநாள் விடிந்ததும் ஆறு வண்டிகள் வடக்கு விரிகுடாவுக்குக் கிளம்பின. காற்று முகத்தை அறுத்தது. பனி விளிம்பு நெடுக மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார்கள். பனிவண்டியில் கட்டுகிற பெட்டி ஒன்று உடைந்து கிடந்தது, அது யாருடையது என்று இரண்டு மணி நேரம் சண்டை. ஹேவர்டின் இடது காது உறைந்து வெளுத்துவிட்டது. அவர்கள் திரும்புவதற்குள் லியாண்டரின் மனைவி எப்படியோ ரெஜானின் எண்ணைப் பிடித்திருந்தாள். அவன் செத்-ஈல் நகரத்தில் மரமறுக்கும் எந்திரம் விற்றுக்கொண்டிருந்தான். வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டானாம். 

அப்புறம்தான் ஆல்வினா புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள், பொறுமையான குரல்.

"அது சரியான எண்ணிக்கை இல்லம்மா. சின்ன இடங்களுக்கு எல்லா எண்ணையும் அஞ்சோட மடங்கா மாத்திடுவோம். மேலயும் போகலாம், கீழயும் போகலாம்."

"எதுக்கு?"

"இறந்தவங்க யாருன்னு மத்தவங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு."

"யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும்மா. வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுல்ல."

"அப்ப செத்தது மூணு பேர்தானே?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"அந்த ரெண்டு பேர் கிடையாதுன்னாவது சொல்லலாமா?"

"அதுவும் முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க."

ஆல்வினா நன்றி சொல்லி வைத்துவிட்டாள். புரிந்த மாதிரி இருந்தது. கடைக்குப் போய்ச் சொல்ல வாயெடுத்தபோது பாதிதான் வந்தது. ஹேவர்ட் கட்டுப்போட்ட காதைத் தொட்டுக்கொண்டு, "இந்தக் காதையும் அஞ்சோட மடங்கா மாத்தித் தருவாங்களான்னு கேட்டியா அண்ணி?" என்றான்.

ஜூனில் அவள் மூன்று பெயர்களை வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் புத்தகத்தை உடனே மூட முடியவில்லை. நான்காவதாக ஒரு பெயர் வருமென்று ஜனங்களும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் புதுக் கணக்கு வந்தது. டெல்பர்ட் மூழ்கிய வருஷத்துக் கணக்கையும் அதில் திருத்திப் போட்டிருந்தார்கள். டெல்பர்டின் அம்மா எஃபி அந்தப் பத்திரிகையோடு ஆல்வினாவின் சமையலறைக்குள் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பூஜ்யம்னு போட்டிருக்கு," என்றாள்.

ஆல்வினா வாங்கிப் பார்த்தாள். பூஜ்யம்தான்.

"அது வந்து எஃபி, அவங்க அஞ்சோட மடங்கா... மேல இல்லன்னா கீழ..."

"என் பிள்ளை கீழயா போனான்?"

"அப்படியில்ல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு..."

"எதுக்குத் தெரியக் கூடாது? அவன் என்ன திருடிட்டா செத்தான்? போன வருஷம் அஞ்சுன்னாங்க, ஊரே தேடிப் போச்சு. எனக்கு அது பிடிச்சிருந்தது, ஆல்வினா. இப்ப நான் யாரைப் புதைச்சேன்?"

 ஆல்வினா போனை எடுத்துப் புள்ளிவிவர அலுவலகத்தின் அதே எண்ணை அழுத்தினாள். இந்தத் தடவை ஓர் இளைஞன். அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவன் மறுபடி சொன்னான். ஒரே ஒருவரையாவது போடக் கூடாதா என்று கேட்டாள். ஒன்று என்ற எண்ணைத் தாங்கள் வெளியிடுவதே இல்லை என்றான்.

எஃபி போனை வாங்கிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் வெளியிட வேண்டாம், தம்பி. பேனா இருக்கா? எழுதிக்கோ. டெல்பர்ட் ஜார்ஜ் ஸ்நூக். ஸ்நூக்ல ரெண்டு ஓ."

 "எழுதிட்டேங்க," என்றான்.

"எதுல எழுதினே?"

"என் மேஜையில இருக்குற ஒரு தாள்ல."

"அது பத்திரிகையில வருமா?"

"வராதுங்க."

எஃபி கொஞ்சம் யோசித்தாள். "சரி," என்று சொல்லி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் கோட்டைக் கழற்றினாள்.

ஆல்வினா தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அந்தப் பையன் நிஜமாகவே எழுதினானா, எழுதியிருந்தால் அந்தத் தாள் என்னவாகும் என்று கேட்க வாய்வரை வந்தது. எஃபி ரொட்டியில் வெல்லப்பாகு தடவ ஆரம்பித்திருந்தாள். ஆல்வினா கேட்கவில்லை.